சடையங்குளத்துத் தீவு

சடையங்குளத்தின் எல்லைக்கோட்டில் ஒரு சின்ன வளையம் விழுந்திருந்தது. அது எப்படி வந்தது என்று ஸ்ரீகுமாருக்குப் பிடிபடவில்லை.

கம்ப்யூட்டர் திரையில் குளம் பிறை போலக் கிடந்தது. தெற்கே நெடுக மண்கரை, அதன் மேற்கு முனையில் மறுகால். கிழக்கே அஞ்சுகிராமம் போகும் சாலை, சாலையை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம். வடக்கே தண்ணீரைப் பார்த்தபடி ஒன்பது வீடுகள். ஸ்ரீகுமார் போட்ட கோடு மேற்கிலிருந்து புறப்பட்டு, அந்த வீடுகளின் கொல்லைப்புறமாக ஓடி, மண்டபத்தை வெளியே விட்டு ஒரு முழங்கை வளைவாகச் சுற்றிக்கொண்டு சாலையில் போய்ச் சேர்ந்தது. கோட்டுக்கு இந்தப்பக்கம் குளம், அந்தப்பக்கம் ஊர். அப்படிப் பார்த்தால் ஒன்பது வீடும் குளத்துக்குள். ஆனால் வரிசையில் ஆறாவது வீட்டைச் சுற்றி மட்டும் கோடு தனியாக ஒரு வட்டம் போட்டிருந்தது. வட்டத்துக்குள் இருப்பது குளம் இல்லை. குளத்துக்கு நடுவில் ஒரு தீவு.

உள்ளே இருக்கும் வீடு இடிபடும், வெளியே இருக்கும் வீடு நிற்கும். கோடு போடுவதே அதற்குத்தான்.

முந்தைய கார்த்திகையில் அடித்த புயலில் மாவட்டத்துக் குளங்கள் உடைந்து ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்திருந்தது. குளங்களின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்புகளை எடுக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு உத்தரவு வந்தது. எல்லை எது என்பதுதான் சிக்கல். பழைய எல்லைக் கற்களில் பாதியைக் காணோம். மீதியில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே கல்லை விட்டுவிட்டுத் தண்ணீரைக் கேட்பது என்று முடிவாயிற்று.

அது நல்ல யோசனை. குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கரையில் ஓரிடத்தில் தாழ்வாகக் கல் கட்டி விட்டிருப்பார்கள். அதுதான் மறுகால். அந்தக் கல்லின் தலைக்கு மேல் குளத்தில் தண்ணீர் தங்காது, வழிந்து ஓடிவிடும். சடையங்குளத்து மறுகாலின் தலை கடல்மட்டத்திலிருந்து பதினாலே கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த உயரத்தில் ஒரு கத்தியைப் படுக்கையாகப் பிடித்து நிலத்தைச் சீவினால், கத்தி நிலத்தைத் தொடும் விளிம்பு எதுவோ அதுவே குளத்தின் எல்லை. யாருடைய பத்திரத்தையும் பார்க்க வேண்டியதில்லை. தண்ணீருக்கு யாரும் லஞ்சம் கொடுக்க முடியாது.

கத்தியைப் பிடிக்க நிலத்தின் உயரம் அங்குலம் அங்குலமாகத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் லிடார். கும்பப்பூ அறுவடை முடிந்து கால்வாயை அடைத்து, குளங்கள் வற்றிக் கிடந்த சித்திரை மாதத்தில், திருவனந்தபுரத்திலிருந்து ஒரு சின்ன விமானம் வந்து மாவட்டத்துக் குளங்களின் மேல் நேர்கோடுகளாகப் போய்வந்தது, உழவு மாடு சால் ஓட்டுவது மாதிரி. அதன் வயிற்றிலிருந்து ஒரு லேசர் கருவி விநாடிக்கு லட்சக்கணக்கான ஒளித்துடிப்புகளைக் கீழே எய்தது. ஒவ்வொரு துடிப்பும் எதிலாவது பட்டுத் திரும்பி வரும். போய்வர எடுத்த நேரத்தை அளந்தால் தூரம் கிடைக்கும். ஒளி ஓர் அடி போக ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு ஆகும், அதையும் அளக்கக் கடிகாரம் இருக்கிறது. விமானம் எந்த இடத்தில் எந்தச் சாய்வில் இருந்தது என்று இன்னொரு கருவி குறித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒவ்வொரு துடிப்பும் பூமியில் ஓர் உயரப் புள்ளியாகிவிடும்.

குளம் வற்றிய நேரமாகப் பார்த்துப் பறந்ததற்கும் காரணம் உண்டு. இந்த லேசரின் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாத வகை. அதைத் தண்ணீர் விழுங்கிவிடும், திருப்பித் தராது. தண்ணீர் கிடக்கிற இடம் திரையில் புள்ளியே இல்லாத கறுப்பு ஓட்டையாகத்தான் தெரியும். சடையங்குளத்தில் அப்படிச் சில ஓட்டைகள் இருந்தன. கோடையிலும் வற்றாத பள்ளங்கள். அதில் ஒன்று தீவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஸ்ரீகுமார் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

"ராஜி, இங்க ஒண்ணு வந்து பாரு. தீவைப் பாத்தியா?"

ராஜி பக்கத்து மேசையிலிருந்து நாற்காலியோடு உருண்டு வந்தாள். இருவரும் ஒரே நிறுவனத்தில் நாகர்கோவில் கிளையில் வேலை பார்த்தார்கள். புள்ளிகளில் எது நிலம், எது மரம், எது கூரை என்று பிரிக்கிற வேலை அவளுடையது.

"வாழையா இருக்கும். இலையை நிலம்னு எடுத்திருக்கும்."

"வாழையா இருந்தா ஏழடி நிக்கும். இது மூணடி கூட இல்ல."

"அப்போ உன் மாமியா வீடா இருக்கும். அதான் கோடு மரியாதையா சுத்திப் போகுது."

நிலத்தைப் பிரிக்கிற முறை இதுதான். புள்ளிகளின் கூட்டத்துக்கு அடியிலிருந்து ஒரு விறைப்பான துணியை மேலே தள்ளுவதாக நினைத்துக்கொள்ளலாம். கீழ்க்கடைசிப் புள்ளிகளில் துணி முட்டி நிற்கும். அதற்கு மேலே தொங்குகிற இலையும் கூரையும் துணிக்கு எட்டாது. வீடு இருக்கும் இடத்தில் சுற்றியுள்ள முற்றத்தின் உயரத்தை வைத்து அடியில் நிலம் இப்படித்தான் இருக்கும் என்று துணி தானாக இழுபட்டு நிற்கும். ராஜி தீவின் மேல் இருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒரு தென்னை, இரண்டு முருங்கை, ஓட்டுக்கூரை. எல்லாம் சரியாகவே பிரிக்கப்பட்டிருந்தன. முற்றத்துப் புள்ளிகள் உண்மையான தரையில் பட்டவை.

அடுத்த சந்தேகம் விமானத்தின் மேல் விழுந்தது. ஒரு சாலில் எடுத்த உயரமும் பக்கத்துச் சாலில் எடுத்த உயரமும் சில நேரம் ஒன்றுக்கொன்று ஒரு சாண் வித்தியாசப்படும். அதைச் சோதிக்க, இரண்டு சாலும் மேவுகிற இடத்தில் சமமான, கெட்டியான, புல் முளைக்காத தரை ஒன்று வேண்டும். கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்தும் சிமெண்ட் தளம் அதற்கென்றே செய்தது போல் இருந்தது. இரண்டு சாலும் அதில் விரல் கனத்துக்குக் கூடப் பிசகாமல் பொருந்தின. விமானமும் சரி, துணியும் சரி. அப்படியானால் தீவு உண்மை.

குளங்களுக்குப் பொறுப்பான அதிகாரி தாணுலிங்கத்துக்கு உண்மை போதவில்லை. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சிரித்தார்.

"தம்பி, குளத்துக்குள்ள தீவு வச்சு அனுப்பியிருக்கியே, படகுத்துறையும் சேத்துப் போட்டிருக்கலாமே?"

"சார், அங்க நிலம் மேடாத்தான் இருக்கு. மறுகால் தலைக்கு மேல முக்கால் மீட்டர்."

"இருக்கட்டும். மிச்ச எட்டு வீட்டுக்காரனும் அந்த ஒரு வீட்டைக் காட்டி, இவனுக்கு மட்டும் ஏன்னு கேஸு போடுவான். கோர்ட்டுல நான் என்ன சொல்ல? கம்ப்யூட்டருக்குத் தோணிச்சுன்னா?" அவர் வரைபடத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணு ஒம்பதும் உள்ள இருக்கணும், இல்லன்னா ஒம்பதும் வெளிய. ஒம்பதும் வெளியன்னா என் சோலி போயிரும். மேடு எப்படி வந்துன்னு கண்டுபிடிச்சிட்டு வா. காரணம் இருந்தா நான் பேசிக்கிடுகேன்."

கன்னிப்பூ நடவுக்குக் கால்வாய் திறந்து குளத்தில் பாதி தண்ணீர் நின்ற நேரத்தில் ஸ்ரீகுமார் அங்கே போனான். ஜி.பி.எஸ் கோலும் அளவுக்கோடு போட்ட ஸ்டாஃப் கம்பும் தோளில் இருந்தன. ஆறாவது வீட்டுக்குப் போகக் குட்டிச் சாய்வு ஒன்று ஏற வேண்டியிருந்தது. முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வயதான ஒருவர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பெயர் ஐயப்பன். இடுப்பு விழுந்து சில வருஷமாக எழுந்து நடப்பதில்லை.

"மலையேறி வந்துட்டியளே சாரே. மூச்சு வாங்குதா? இரிங்க."

"இங்க மட்டும் எப்படி மேடாச்சு?"

"அது ஒரு கதையாக்கும். அனுமாரு சஞ்சீவி மலையைத் தூக்கிட்டுப் போகும்ப ஒரு துண்டு விழுந்து மருத்துவாமலை ஆச்சு. அதுல ஒரு ஓலைக் கடவம் மண்ணு சிந்தி இங்க விழுந்து. அதான் இது." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏட்டி, அனுமாரே, வெளிய வா. உன் மலையைப் பாக்க ஆபீசர் வந்திருக்காரு."

சத்தியபாய் ஈரச் சேலையை இடுப்பில் செருகியபடி வந்தாள். ஐம்பது வயது தாண்டியவள். குத்தகைக்காரனுக்காகக் குளத்தில் தாமரை பறிப்பது அவள் வேலை. தோவாளைச் சந்தைக்குப் போகும் பூ. கழுத்தின் பின்புறம் சுமை தூக்கித் தூக்கி ஒரு முண்டாகியிருந்தது.

"அவரு பேச்சை விடு மக்ளே. நான்தான் போட்டேன். எல்லாம் என் தலைச்சுமடு."

"எல்லாமுமா?"

"பின்ன? தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துல எங்க வீடு கரைஞ்சு போச்சு. பச்சைப் பிள்ளைய தூக்கிட்டு மண்கரை மேல ரெண்டு நாளு நின்னோம். அப்பம் நெனைச்சேன், இனி இந்த வீட்டுக்குள்ள வெள்ளம் வரப்பிடாதுன்னு. கோடையில குளம் வத்தும்பம் மம்பட்டியும் கடவமும் எடுத்திட்டு இறங்குவேன். வருஷம் ரெண்டு விரல் ஏறும், மழையில கொஞ்சம் கரையும், பிறகும் போடுவேன். கெட்டியான பிறகு வீட்டைப் பிரிச்சு மேல கட்டினோம்."

"ஊரே சிரிச்சு," என்றார் ஐயப்பன். "இவ கொஞ்சம் கொஞ்சமா சொர்க்கத்துக்கு ஏறுகான்னு."

"சிரிச்சவ எல்லாம் போன புயலுக்கு எங்க வந்தா? எட்டு வீட்டுலயும் இடுப்புக்கு வெள்ளம். அத்தனை பேரும் இந்த முத்தத்துலயாக்கும் நின்னா. நான் கஞ்சி வச்சுக் கொடுத்தேன். நம்ம வாசப்படியை வெள்ளம் தொடல்ல."

ஸ்ரீகுமாருக்கு அவள் பேச்சு பிடித்திருந்தது. எப்படிச் செய்தாள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான். ஈர மண்ணைப் போட்டால் காயும்போது வெடித்துவிடாதா என்று கேட்டான். வைக்கோலை இடையிடையே பரப்பி மிதித்ததாகச் சொன்னாள். ஓரம் சரியாமல் இருக்க என்ன செய்தாள் என்று கேட்டான். ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் சாய்வாக விட்டு அறுகம்புல் நட்டதாகச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் இதையெல்லாம் கேட்டதில்லை. கேட்கக் கேட்க அவள் முகம் மலர்ந்தது.

"வெளி மண்ணு ஏதாவது கொண்டு வந்தீங்களா?"

"ஒரு சிரட்டை வெளி மண்ணு கெடையாது. லோடு அடிக்க நம்மகிட்ட என்ன இருக்கு? அத்தனையும் குளத்து மண்ணாக்கும். அந்தா, அங்கேருந்து எடுத்தது." தாமரை இலைகள் மற்ற இடங்களை விட அடர்ந்து நின்ற ஓரிடத்தைக் காட்டினாள். "என் குழி. கோடையில குளம் முழுக்க வத்தினாலும் அதுல மட்டும் வெள்ளம் கெடக்கும். தாமரைக் கெழங்கு சாவாது. குத்தகைக்காரன் எனக்கில்லா நன்றி சொல்லணும்."

ஸ்ரீகுமார் அந்த இடத்தைப் பார்த்தான். சித்திரையில் விமானம் பறந்தபோது புள்ளி திரும்பி வராத கறுப்பு ஓட்டை அது. ஓட்டையின் நீள அகலம் அவனிடம் இருந்தது. மேட்டின் நீள அகல உயரமும் இருந்தது. இல்லாதது ஓட்டையின் ஆழம் ஒன்றுதான். லேசருக்கு எட்டாத அந்த ஒரு எண்.

அவனுக்குள் ஏதோ பூட்டில் சாவி திரும்பினாற்போல் இருந்தது.

"அம்மா, அந்தக் குழி எவ்வளவு ஆழம் இருக்கும்?"

"வா, காட்டித் தாறேன்."

"தண்ணி நிறைய கெடக்கே."

"நித்தம் இறங்குகது தானே? அந்தக் கம்பை இங்க தா மக்ளே."

அவள் ஸ்டாஃபை வாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தாள். முழங்கால், இடுப்பு, பிறகு குழியின் விளிம்பில் சட்டென்று மார்பு வரை. தாமரைத் தண்டின் முள் கீறாமலிருக்க ஒரு கையால் இலைகளை விலக்கிக்கொண்டு, ஸ்டாஃபை நேராக ஊன்றி, தண்ணீர் தொடும் கோட்டில் விரலை வைத்துக் காட்டினாள். ஸ்ரீகுமார் கரையிலிருந்து படித்துக் குறித்தான். இரண்டடி நகரச் சொன்னான். நகர்ந்தாள். இன்னும் இரண்டடி. குழியின் குறுக்கிலும் நெடுக்கிலும் அவளை நடக்க வைத்து முழுவதையும் அளந்தான். ஓரிடத்தில் தண்ணீர் அவள் வாயைத் தொட்டது. தலையை அண்ணாந்து சிரித்தாள். "இது தொண்ணூத்தெட்டுல வெட்டினது. அந்த வருஷம் நல்ல தெம்பு."

கரையேறி வந்து ஸ்டாஃபைத் துடைத்துக் கொடுத்தபோது கேட்டாள். "உன் கம்ப்யூட்டருல நம்ம வீடு மேட்டுல தானே காட்டுது?"

"ஆமா. இப்போதைக்குக் கோட்டுக்கு வெளியதான் இருக்கு."

"கேட்டியளா?" என்று கணவனைப் பார்த்தாள். ஐயப்பன் நாற்காலியின் கையைத் தட்டினார். அவள் ஒரு கட்டுத் தாமரைக்காயைப் பழைய பேப்பரில் சுற்றி ஸ்ரீகுமாரிடம் கொடுத்தாள்.

தாமரைக்கொட்டையை உரித்துத் தின்றுகொண்டே அவன் மறுநாள் கணக்கைப் போட்டான். முதலில் மேடும் குழியும் இல்லாதிருந்தால் குளத்தின் அடிப்பரப்பு எப்படி இருந்திருக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். கைபடாத பக்கங்களின் சரிவை வைத்து நடுவில் ஒரு வழவழப்பான பரப்பை இழுத்தான். இப்போதுள்ள நிலத்திலிருந்து அந்தப் பரப்பைக் கழித்தான். மிஞ்சியது மேடு, குறைந்தது குழி. மேட்டின் கொள்ளளவு நூற்று அறுபத்தெட்டு கனமீட்டர். குழியின் கொள்ளளவு நூற்று எழுபத்திரண்டு. இடையில் உள்ள நாலு கனமீட்டர் இருபத்தைந்து வருஷ மழையில் கரைந்து போனது.

எண்கள் இப்படி வந்து உட்காருவது அபூர்வம். அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"ராஜி, ஒரு கடவத்துக்குப் பதினஞ்சு லிட்டர் மண்ணுன்னு வச்சுக்கோ. பதினோராயிரம் கடவம். ஒரு பொம்பள. தலையில."

"அதுக்கு இப்ப என்ன?"

"மேடு இயற்கை இல்ல. குளத்து மண்ணையே குளத்துக்குள்ள இடம் மாத்தி வச்சிருக்கு, அவ்வளவுதான். மேட்டைக் கழிச்சிட்டுக் கோடு போட்டா தீவு போயிரும்." ஒரு பொத்தானை அழுத்தினான். திரையில் வளையம் மறைந்தது. கோடு மேற்கிலிருந்து கிழக்கு வரை சுத்தமாக ஓடியது.

ராஜி நாற்காலியோடு திரைக்குப் பக்கத்தில் உருண்டு வந்தாள். பிறகு பென்சிலின் பின்முனையால் கிழக்கே தொட்டாள். "இந்த மண்டபம் எதுல நிக்குது?"

"சாலையோட சேந்த மேட்டுல."

"நீ அங்க நடந்து பாத்தியா? செம்மண்ணு காலுல ஒட்டும். அந்தக் குளத்துல எங்கயாவது செம்மண்ணு உண்டா? டிப்பர்ல அடிச்சது. இவ போட்டதை விட நூறு மடங்கு இருக்கும். அதையும் கழி."

"எதை வச்சுக் கழிக்க? லிடாருக்கு நிறம் தெரியாது. பக்கத்துல குழி இல்ல."

"குழி இருக்கு. ஏதோ ஒரு மலையில இருக்கு."

"அந்த மலை நம்ம ஏரியாவுக்குள்ள இல்ல," என்றான் ஸ்ரீகுமார். அது சரியான பதில்தான். விமானம் அந்தப் பக்கம் பறக்கவில்லை.

ராஜி பென்சிலை வைத்துவிட்டு நாற்காலியை உருட்டிக்கொண்டு தன் மேசைக்குப் போனாள். "கொட்டை மிச்சம் இருந்தா நீயே தின்னு," என்றாள்.

தாணுலிங்கத்துக்கு இரண்டு எண்களும் மிகவும் பிடித்துப்போயின. நூற்று அறுபத்தெட்டு, நூற்று எழுபத்திரண்டு என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "இதை எந்த வக்கீலு உடைப்பான்? அவளே குழிக்குள்ள நின்னு அளந்து கொடுத்திருக்கா." மண்டபத்தைப் பற்றி ஸ்ரீகுமாரே ஒரு வார்த்தை சொன்னான். அவர் கையை உயர்த்தினார். "குழி உண்டா?"

"பக்கத்துல இல்ல சார்."

"பிறகு என்ன? இயற்கை."

ஒன்பது வீட்டிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். சத்தியபாய் தன் வீட்டு நோட்டீஸ் தவறுதலாக வந்தது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டாள். அளக்க வந்த பையனே கோட்டுக்கு வெளியே என்று வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அதை ஊரும் நம்பியது. எட்டு வீட்டுக்காரர்களும் தங்கள் கட்டிலையும் தையல் மிஷினையும் நெல்லுச்சாக்கையும் பிள்ளைகளின் புத்தகப்பையையும் அவள் வீட்டில் கொண்டு வந்து அடுக்கினார்கள். வாடகைக்கு வீடு கிடைக்கும்வரை அங்கே இருக்கட்டும் என்று அவள்தான் கூப்பிட்டது. புயலுக்கு வந்தது போலவே இதற்கும் வந்தார்கள்.

புரட்டாசியில் ஜேசிபி வந்தது. முதல் ஐந்து வீடுகள் உச்சிவெயிலுக்குள் முடிந்தன. எந்திரம் ஆறாவது வீட்டின் சாய்வில் ஏறியபோது சத்தியபாய் அதன் முன்னால் போய் நின்றாள். அழவில்லை, கையை நீட்டி நிதானமாகவே பேசினாள்.

"இது இல்ல. இது மேடாக்கும். கம்ப்யூட்டருல இருக்கு." சுற்றிப் பார்த்தாள். இடித்த பிறகு தரையின் உயரத்தை அளப்பதற்காக ஜி.பி.எஸ் கோலோடு ஸ்ரீகுமார் ஓரமாக நின்றிருந்தான். அவள் முகம் தெளிந்தது. "அந்தா, அந்தத் தம்பிகிட்ட கேளுங்க சாரே. அவன் வந்து பாத்திருக்கான். அவனுக்குத் தெரியும்."

"கேட்டுட்டோம்மா," என்றார் தாணுலிங்கம். "அவருதான் சொன்னாரு."

அவள் ஸ்ரீகுமாரைப் பார்த்தாள். அவன் கோலின் நுனியில் இருந்த நீர்மட்டக் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டாள். "மக்ளே, என்ன சொன்ன?"

"மண்ணு குளத்து மண்ணுன்னு."

"ஆமா. அதை நான்தானே சொன்னேன்."

"ஆமா," என்றான் அவன்.

அடுக்கியிருந்த சாமான்களை எடுக்கக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். ஒன்பது வீட்டுச் சாமானுக்கு அது போதவில்லை. தையல் மிஷின்காரி சத்தியபாயைப் பார்த்து, உன் பேச்சை நம்பினதுக்கு எனக்கு வேணும் என்றாள். இன்னொருத்தி அவள் காலடியில் காறித் துப்பினாள். ஐயப்பனை நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து சாலையோரம் மண்டபத்து மதில் நிழலில் வைத்தார்கள். காவலாளி வந்து, வாசலை மறைக்காமல் தள்ளி வைக்கச் சொன்னான். தள்ளி வெயிலில் வைத்தார்கள்.

ஜேசிபி கூரை ஓடுகளை உடைத்தது, சுவரைச் சாய்த்தது, பிறகு மேட்டைச் சுரண்டி அள்ளியது. குளத்தின் அடிப்பரப்பைப் பழைய நிலைக்குக் கொண்டு வர வேண்டும் என்பதும் உத்தரவில் இருந்ததால், அள்ளிய மண்ணைப் பக்கத்துக் குழியிலேயே தள்ளினார்கள். வெளியே கொண்டுபோக லாரி தேவைப்படவில்லை. மண் விழ விழத் தண்ணீர் கலங்கி மேலே வந்தது. தாமரை இலைகள் கிழங்கோடு பிய்ந்து மிதந்தன. இருபத்தைந்து வருஷம் ஏறிய மண் தேநீர் இடைவேளைக்குள் இறங்கிவிட்டது.

சத்தியபாய் கணவன் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி," என்றார் ஐயப்பன். "மலையைக் கொண்டு போய் எடுத்த இடத்துல வைக்கணும்னு அனுமாருக்கு உத்தரவு வந்திருக்கு."

அவள் தலையைத் திருப்பினாள். எதிரே மண்டபத்தில் அன்று ஒரு கல்யாணம். கார்கள் சிமெண்ட் தளத்தில் வரிசையாக நின்றிருந்தன.

மிச்ச மூன்று வீட்டையும் முடித்துவிட்டு எந்திரம் போன பிறகு ஸ்ரீகுமார் தண்ணீருக்குள் இறங்கி, குழி இருந்த இடத்தில் ஸ்டாஃபை ஊன்றிப் பார்த்தான். சுற்றியுள்ள அடிமட்டத்துக்கும் அதற்கும் நாலு விரல்தான் வித்தியாசம். அவன் போட்ட வழவழப்பான பரப்பும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றே. கரைந்துபோன அந்த நாலு கனமீட்டருக்கு உரிய பள்ளம்கூடச் சரியாக மிஞ்சியிருந்தது.

மாவட்டத்தில் இன்னும் நூற்றுக்கணக்கான குளங்கள் இருந்தன. பல குளங்களில் இதே போன்ற தீவுகள் திரையில் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் நேரில் போய்ப் பேசிக்கொண்டிருக்க முடியாது. யார் உட்கார்ந்து கோடு போட்டாலும் ஒரே விடை வரும்படி ஒரு விதி எழுதித் தரச் சொன்னார் தாணுலிங்கம். ஸ்ரீகுமார் எழுதினான். ராஜி அதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அவள் கையெழுத்து அவசியம் இல்லை என்று பதில் வந்தது. விதி எல்லாக் குளங்களிலும் பிசகாமல் வேலை செய்தது.

நீர்மட்டக் கோட்டின் ஓரத்தில் மேடு தெரிந்தால், பக்கத்தில் அதே கொள்ளளவுள்ள குழி இருக்கிறதா என்று பார்க்கவும். குழி இருந்தால் மேடு குளத்தைச் சேர்ந்தது, மேட்டைக் கழித்துவிட்டுக் கோடு போடவும். குழி இல்லாவிட்டால் மேடு இயற்கையானது, கோட்டை அதைச் சுற்றிப் போடவும்.